சாகர் சக்தி: தூத்துக்குடிக் கடல்வெப்ப மின்திட்டம்

சாகர் சக்தி: கடல்நீரின் வெப்ப வேறுபாட்டைக் கொண்டு மின்சாரம் எடுக்க, தூத்துக்குடிக்கு அப்பால் நிறுவ முயன்ற 1 மெகாவாட் ஆய்வு நிலையத்தின் மிதவைக் கலம். 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு 1990களின் பிற்பகுதியில் இத்திட்டத்தை மேற்கொண்டது.

செயல்முறை: வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ், 1000 மீட்டர் ஆழத்தில் 7 அல்லது 8 பாகையே. மேல்நீரின் வெப்பத்தில் அம்மோனியா ஆவியாகிச் சுழலியை ஓட்டும். ஆழநீரின் குளிரில் மீண்டும் திரவமாகும். எரிபொருள் தேவையில்லை, இரவு பகல் பாராமல் மின்சாரம் கிடைக்கும். ஆனால் 20 பாகை வேறுபாட்டில் கோட்பாட்டளவிலேயே 7 விழுக்காடு வெப்பம்தான் மின்சாரமாகும். அதிலும் ஒரு பங்கை நீரிறைக்கும் பம்புகள் எடுத்துக்கொள்ளும்.

முன்வரலாறு: பிரெஞ்சு அறிவியலாளர் தார்சன்வால் 1881இல் இக்கருத்தை முன்வைத்தார். அவர் மாணவர் ஜார்ஜ் குளோட் 1930இல் கியூபாவில் 22 கிலோவாட் எடுத்துக் காட்டினார்; ஆனால் ஆழநீரை மேலே கொண்டுவரும் குழாய்களை அவர் கடலில் இழந்தார்.

தூத்துக்குடி முயற்சி: இக்கரையின் முத்துக்குளிப்போர் மூழ்கிய பார்கள் (கடலடிப் பாறைத்திட்டுகள்) பெரும்பாலும் 25 மீட்டருக்குட்பட்ட ஆழத்தில் இருந்தவை. சாகர் சக்திக்கோ ஆழநீரை எடுக்கச் சுமார் 1 கிலோமீட்டர் நீளமும் 1 மீட்டர் விட்டமும் கொண்ட பிளாஸ்டிக் குழாய் தேவைப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் அக்குழாயைக் கடலில் இறக்கும் பணி தோல்வியுற்றது. மின் உற்பத்தி தொடங்கவே இல்லை. இயந்திரத்தைவிடக் குழாயே இத்துறையின் கடினமான பகுதி என்பது மீண்டும் உறுதியாயிற்று.

பின்விளைவு: குளிர்ந்த ஆழநீரைக் குடிநீராக்கத்திற்குப் பயன்படுத்தும் பக்கம் ஆய்வு திரும்பியது. வெதுவெதுப்பான மேல்நீர் வெற்றிடத்தில் ஆவியாகும். ஆழநீரின் குளிர்ச்சி அந்த ஆவியை நன்னீராக்கும். இம்முறையில் நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் தரும் ஆலை 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் இயங்கத் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்து நீரே போதுமானதாக இருந்தது. 2007இல் சாகர் சக்திக் கலத்திலேயே, சென்னைக்கு அப்பால், நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் திறனுள்ள ஆலை சோதிக்கப்பட்டது.

தீவு ஆலைகளின் பம்புகள் டீசல் மின்சாரத்தை நம்பியிருந்ததால், மின் ஆய்வு மறுபடி தேவையாயிற்று. கவரத்தியில் 65 கிலோவாட் கடல்வெப்ப மின் அலகோடு கூடிய குடிநீர் ஆலை அமைக்கும் பணியைத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொண்டுள்ளது. தூத்துக்குடி இலக்கில் இது ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு.