ஆடுகளத்து அச்சமும் அதன் பரிகாரமும்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே வந்தால் காரியாபட்டி. வடகிழக்குப் பருவமழையையும் அது மனமிரங்கி நிரப்பும் கண்மாய்களையும் நம்பிப் பிழைக்கும் இந்த வானம் பார்த்த பூமி, பருத்தியும் சோளமும் கம்பும் மிளகாயும் மாறி மாறி விளைய, இடையிடையே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்க, கோடையில் மணலாக மட்டுமே காட்சி தரும் குண்டாற்றைத் துணையாகக் கொண்டு, திருச்சுழி வரையிலும் அதற்கப்பாலும் ஒரே சாயலில் விரிந்து கிடக்கிறது. 1985-இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் அமையும் வரையில் இது பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதி. அறுவடை முடிந்து அடுத்த மழை வரும்வரை கைக்கு வேலையற்றுக் கிடந்த மாதங்களில், இச்சீமையின் இளைஞர்கள் தங்கள் சரீர பலத்தைக் கல்லிலும் கம்பிலும் காளையிலும் சடுகுடுக் கோட்டிலுமாகப் பரீட்சித்துப் பார்த்தார்கள். அந்தப் பரீட்சைகளின் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் தோள்வலியைப் பற்றியே எழுதினார்கள். அத்தோளை ஏவிய மனம் எவ்வாறு பக்குவப்படுத்தப்பட்டது, அம்மனம் அடிபட்டபோது அதை யார் தேற்றினார்கள் என்பதை விசாரித்தவர்கள் சொற்பம்.

பக்குவப்படுத்தும் பொறுப்பு வாத்தியாருடையது. பள்ளிக்கூடத்து வாத்தியாரை அல்ல, சிலம்ப வாத்தியாரைச் சொல்கிறேன். அவரிடம் சேர்ந்த பையனுக்குக் கம்பு உடனே கைக்கு வந்துவிடாது. மண்ணைத் தொட்டுக் கும்பிடுவதும், சலாவரிசை எடுப்பதும், வெறுங்கையோடு காலடி பழகுவதுமாக நாட்கள் பல கழிந்த பிறகே கம்பு வரும். அது வந்த பின்னரும் எதிராளியின் கம்பைப் பார்க்காமல் கண்ணைப் பார்க்கச் சொல்வார்கள். சினம் மூண்டவன் தோற்றான் என்பது களத்தில் நின்றவர் அனைவரும் அனுபவத்தால் அறிந்த விஷயமாதலால், அடி வாங்கியும் முகம் மாறாதிருக்கும் அப்பியாசமே பாதிப் பாடமாக இருந்தது. காளை பிடிக்கப் போகிறவனோ காப்புக் கட்டி, விரதமிருந்து, குலதெய்வத்தின் சந்நிதியில் திருநீறு வாங்கிக்கொண்டு போவான். விரதத்தின் பலன் தெய்வத்தைச் சார்ந்தது என்று அவன் நம்பினான். ஆயினும் பல நாட்கள் உணவிலும் உறக்கத்திலும் பேச்சிலும் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்து, வாடிவாசலில் நிற்கப்போகும் அந்தச் சில கணங்களின் பொருட்டே சித்தத்தை ஒருமுகப்படுத்திய ஒருவனுக்கு, தெய்வத்தின் அருளோடு வேறொரு பலனும் சேர்ந்தே கிடைத்திருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.

இவ்வெல்லாவற்றினும் விசேஷமானது சடுகுடு. எதிரிகள் ஏழு பேர் காத்திருக்கும் எல்லைக்குள் ஒருவன் தனியனாக நுழைகிறான். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே நுழைகிறான். பாட்டு அறுந்தால் ஆட்டம் போயிற்று. பயம் வந்தால் மூச்சு சிதறும், மூச்சு சிதறினால் பாட்டு அறும் என்ற நியதி இருப்பதனால், பயத்தை அடக்குவதற்கு மூச்சை அடக்குவதே உபாயம் என்பதை ஏட்டறிவில்லாத சிறுவனும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொண்டான். இன்றைய மனப்பயிற்சியாளர்கள், ஆட்டத்துக்கு முன் சுவாசத்தைச் சீராக்கு, ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல், பழகிய ஒரு சடங்கைச் செய்துவிட்டுக் களத்தில் இறங்கு என்று போதிப்பவற்றில் பெரும்பகுதி இந்த ஆட்டத்தின் விதிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

ஆனால் மனம் முறிந்துவிட்டால் என்ன செய்வது? அங்கே வாத்தியாருக்கு வேலையில்லை. காளை தூக்கி எறிந்தவனை, உடற்காயம் ஆறிய பிறகும் உறக்கத்தில் அலறுகிறவனை, சோற்றைப் பிசைந்தபடி உண்ணாமல் உட்கார்ந்திருக்கிறவனை வீட்டார் பார்த்து, "பயந்து போயிருக்கான்" என்று சொல்லி, அந்திப் பொழுதில் பூசாரியிடம் அழைத்துப் போவார்கள். அவர் வேப்பிலையால் நீவித் திருநீறு போடுவார். அல்லது சாதி மத பேதம் பாராமல் பள்ளிவாசல் வாயிலில் கொண்டு நிறுத்துவார்கள். தொழுகை முடிந்து வெளிவருவோர் ஓதி ஊதுவார்கள். பயந்த கோளாறு என்று ஒரு நோயை ஒப்புக்கொண்டு, அது கோழைத்தனமன்று, பரிகாரம் வேண்டும் ஒரு பிணி என்று கருதிய அந்த மனோபாவம் மிகவும் மேன்மையானது. நாகரிகம் மிக்க நாடுகளின் ராணுவங்கள் இதே உண்மையை ஒப்புக்கொள்ளப் பட்டபாட்டைப் பின்னர் காண்போம்.

இந்தப் பரிகாரம் அச்சத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பது அதன் குறை. அவமானத்துக்கு அங்கே மருந்தில்லை. இளவட்டக்கல்லைத் தூக்கியவனுக்கே பெண் கொடுத்தார்கள் என்ற கதையை எல்லா ஊருக்கும் பொதுவான சட்டம்போல் சொல்வதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. எனினும் தூக்க முடியாதவனை ஊர் கேலி பேசியது என்பதில் சந்தேகமில்லை. தோற்றவனுக்குத் திருநீறு போட எவரும் முன்வரவில்லை.

இச்சீமையின் வரலாற்றில் அச்சத்தைப் பற்றிய ஒரு பெரும் நிகழ்ச்சியை இங்கே நினைவுகூராமல் மேலே செல்லலாகாது. 1879 டிசம்பர் 30-ஆம் நாள் திருச்சுழியில் வக்கீல் சுந்தரமையரின் மகனாகப் பிறந்த வேங்கடராமன், படிப்பைவிட விளையாட்டில் நாட்டம் மிகுந்த பிள்ளை. பந்தாட்டமும் மல்லும் நீச்சலும் அவனுக்குப் பிரியமானவை. விழித்திருக்கையில் அவனை எதிர்க்க அஞ்சிய பையன்கள், அவன் அயர்ந்து தூங்கும்போது அடித்துத் தீர்த்துக்கொள்வார்களாம். அவ்வளவு உடல் வலிமை, அவ்வளவு ஆழ்ந்த உறக்கம். 1892-இல் தந்தை காலமாக, குடும்பம் பிரிந்து, மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்த அப்பிள்ளைக்கு 1896 ஜூலையில், பதினாறாம் வயதில், நோய் எதுவும் இல்லாதபோதே, மரணம் வந்துவிட்டதென்ற பயங்கரம் திடீரெனப் பற்றியது. மருத்துவரையோ பெரியோரையோ தேடி ஓடாமல் அவன் செய்தது இது: பிணம்போல் நீட்டிப் படுத்து, உதடுகளை இறுக மூடி, மூச்சை அடக்கி, சாவது எது என்று உள்ளே நோக்கினான். அதன்பின் விளையாட்டில் விருப்பம் அற்றுப்போய், ஆறு வாரங்களுக்குள் வீட்டைத் துறந்து, செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்து, ரமண மகரிஷியானது உலகறிந்த சரித்திரம். அந்த அனுபவத்தின் ஆன்மிகப் பெறுமதியை அளக்க எனக்கு அதிகாரமில்லை. ஆட்டக்களத்தில் வளர்ந்த ஒரு பிள்ளை, தன்னைக் கவ்விய அச்சத்திலிருந்து விலகாமல் அதன் எதிரிலேயே மூச்சைப் பிடித்துப் படுத்த அந்தச் செய்கையை மட்டுமே நான் கவனிக்கிறேன்.

அதே 1896-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏதென்ஸ் நகரில் நவீன ஒலிம்பிக் பந்தயங்கள் முதன்முறையாக நடந்தன. இரண்டாண்டுகள் கழித்து அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்பவர், மிதிவண்டி ஓட்டுபவர்கள் தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுவதைவிடப் பிறரோடு போட்டியிட்டு ஓட்டுகையில் விரைவாகச் செல்வதைக் கண்டு, சிறுவர்களைத் தூண்டில் உருளைகளைச் சுற்றச் செய்து சோதித்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். விளையாட்டு உளவியலின் தொடக்கமாக இதைக் குறிப்பது வழக்கம். 1925-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் இதற்கென ஓர் ஆய்வுக்கூடமே அமைத்தார். 1938-இல் சிகாகோ கப்ஸ் என்ற பேஸ்பால் குழுவுக்கு அவர் ஆலோசகராகச் சென்றபோது, அக்குழுவை நடத்தியவரே அவரை ஏற்க மறுத்து, அம்முயற்சி பலிக்காமற் போயிற்று. களத்தில் வளர்ந்த வாத்தியாருக்கும் கல்லூரியில் படித்த ஆலோசகருக்கும் இடையேயான இந்தப் பிணக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவானது போலும்.

நம் நாட்டில் இவ்வித்தை உடற்பயிற்சி ஆசிரியர் வழியாகவே நுழைந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியும் அதன் வழி வந்தவையும் பயிற்றுவித்து அனுப்பிய ஆசிரியர்கள், டிரில் மாஸ்டர் என்ற பெயரிலும் பின்னர் பி.டி. வாத்தியார் என்ற பெயரிலும் ஊர் ஊராக வந்து சேர்ந்தார்கள். விசிலும் வெள்ளைக் காற்சட்டையும் பிரம்புமாக அவர்கள் ஏற்படுத்திய ஒழுங்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சிலம்ப வாத்தியார் மண்ணைத் தொட்டு வணங்கச் செய்து கற்பித்த மன அடக்கம், அணிவகுப்புக்கும் அதட்டலுக்கும் நடுவே எங்கோ நழுவிப்போயிற்று. சென்னையை அடுத்துத் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் எழுந்து, விளையாட்டு உளவியல் ஒரு பட்டப்படிப்பாக நிலைபெற இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

இவையெல்லாம் ஆட்டத்தைச் சிறப்பிக்கும் சாஸ்திரத்தின் கதை. காயத்தை ஆற்றும் சாஸ்திரம் யுத்தகளத்தில் பிறந்தது. முதல் உலகப் போரில், உடலில் காயமே இல்லாத சிப்பாய்கள் நடுங்கவும் பேச்சிழக்கவும் பார்வை குன்றவும் கண்ட சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-இல் அதைக் குண்டதிர்ச்சி என்னும் பொருள்பட எழுதினார். அப்படி நடுங்கியவர்களுள் சிலரைக் கோழைகள் எனக் கருதிச் சுட்டுக் கொன்ற ராணுவங்களும் உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் துயரம் பெருங்குரலாக எழுந்த பின்னர்தான், 1980-இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனியொரு நோயாகத் தன் நூலில் ஏற்றுக்கொண்டது. பள்ளிவாசல் வாயிலில் பையனை நிறுத்திய காரியாபட்டிப் பாட்டி அதை எப்போதோ ஏற்றுக்கொண்டிருந்தாள்.

தமிழில் இவ்விரண்டு சாஸ்திரங்களும் முதலில் சந்தித்த இடம் யாழ்ப்பாணம் என்பது என் அபிப்பிராயம். போர் நடுவே அங்கே பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தம் நூலொன்றுக்கு 'மனவடு' என்றே பெயரிட்டார். மேனாட்டு மருந்தையும் உரையாடலையும் மட்டும் நம்பியிராமல், சாந்தியாசனம், மூச்சுப் பயிற்சி, ஜபம், ஜபமாலை ஆகியவற்றை அவரவர் சமயத்துக்கு ஏற்பச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது அவருடைய சிறப்பு. மனத்தைத் திடப்படுத்த நம்மவர் கையாண்ட அதே மூச்சும் அதே திரும்பக் கூறலும், முறிந்த மனத்தை ஒட்டவைக்கவும் பயன்பட்டன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபோது, மனநல வல்லுநர்கள் ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சியளித்து, குழந்தைகளின் துயரத்தை ஆட்டத்தாலும் பாட்டாலும் சித்திரத்தாலும் வெளிக்கொணரச் செய்தார்கள். அங்கே விளையாட்டே மருந்தாயிற்று.

ஆயினும் அந்த அறிவு விளையாட்டு வீரரை வந்தடையவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைக் கூலிகளின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். வென்ற கையோடு பாலினச் சோதனை. அதில் தேறவில்லை என்று பதக்கம் பறிப்பு. அச்சோதனையின் முடிவு அவரிடம் அந்தரங்கமாக விளக்கப்படுவதற்கு முன்பாகவே உலகத்துச் செய்தித்தாள்கள் அனைத்துக்கும் இரையாயிற்று. தமிழக அரசு அவருக்கு 15 லட்ச ரூபாய் பரிசளித்தது பெருந்தன்மையான செயல். ஆனால் பணத்தால் தீராத புண் ஒன்று உள்ளே இருந்தது. 2007-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்து, பிழைத்தார். பின்னர் பயிற்சியாளராகவும், பிழைப்புக்கு வழியற்ற நாட்களில் மீண்டும் சூளைக் கூலியாகவும் வாழ்ந்து, பயிற்சியாளர் பட்டயம் பெற்று, 2016-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிலையான பணியில் அமர்ந்தார். பெண்ணொருத்தி ஓடும் வேகத்தைக் கூட்டும் வித்தை தெரிந்த ஆட்கள் அவரைச் சுற்றிப் பலர் இருந்தார்கள். ஊரறிய அவமானப்பட்டு நின்றவரோடு உட்கார்ந்து பேசும் வித்தை தெரிந்த ஒருவரை அவர் பக்கத்தில் அமர்த்த வேண்டும் என்று அன்று விளையாட்டு நிர்வாகம் எதுவும் நினைக்கவில்லை. இளவட்டக்கல்லின் அடியில் நின்ற பையனுக்கு நேர்ந்ததே, பன்மடங்கு பெருகி, ஆசியக் கண்டம் பார்த்திருக்க அவருக்கு நேர்ந்தது.

இரு வித்தைகளும் ஒன்றாக வேண்டும் என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2019-இல் வெளியிட்ட அறிக்கையொன்றில் வெளிப்படையாகவே ஏற்றது. 2021-இல் டோக்கியோவில் அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ், அந்தரத்தில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்புவதாகச் சொல்லிப் போட்டிகளிலிருந்து விலகியபோது, உலகம் அதைப் பெரும்பாலும் மரியாதையோடு ஏற்றுக்கொண்டது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னைப் பிள்ளை குகேஷ் பதினெட்டு வயதில் சதுரங்க உலக சாம்பியனானபோது, அவருடைய மனப்பயிற்சியாளராக விளங்கியவர், 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்த பாடி அப்டன்.

இவை சிகரத்தில் நிற்பவர்களுக்குக் கிடைத்த துணை. காரியாபட்டிக்கு வடக்கே, மதுரைப் பெருநகரின் தென்வாயிலில், தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் களமிறங்கும் இளைஞனுக்கு 2009-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டுச் சட்டம் முதற்கொண்டு ஏற்பட்ட விதிகள் மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. உயரமும் எடையும் இரத்த அழுத்தமும் பார்த்து, மது அருந்தியிருக்கிறானா என்று விசாரித்து, தகுதியுள்ளவனுக்கு எண்ணிட்ட சட்டையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். களத்தில் தென்னைநார் பரப்பி, இருபுறமும் இரட்டைத் தடுப்பு வேலி கட்டி, ஆம்புலன்ஸை அருகே நிறுத்துகிறார்கள். குத்துப்பட்டு மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குப் போய்த் தையலோடு திரும்பும் பையனை அடுத்த மாதத்தில், அவன் உறங்குகிறானா, உண்கிறானா என்று கேட்க அந்த விதிகளில் எவருக்கும் கடமையில்லை. அவனை அழைத்துப்போக இன்றைக்கும் ஊரில் எஞ்சியிருப்பவர்கள் பூசாரியும், பள்ளிவாசல் வாயிலில் ஓதுகிறவர்களும், மாலையில் கபடி மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட வரும் பி.டி. வாத்தியாருமே.