பள்ளிக்கூட வாயிலும் திருவுளச்சீட்டும்: திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கோடைக்காலத்தில் நம் ஊர்களில் ஒரு காட்சியைப் பல ஆண்டுகளாகக் கண்டு வந்திருக்கிறோம். தனியார் பள்ளி ஒன்றின் கூடத்தில் பெற்றோர் கூடியிருப்பர். கல்வித்துறை அலுவலர் முன்னிலையில் பிள்ளைகளின் பெயர் எழுதிய சீட்டுகள் குலுக்கப்படும். பெயர் வந்த பிள்ளைக்கு அப்பள்ளியில் இடம் உண்டு; அதன் கட்டணத்தை அரசு செலுத்தும். பெயர் வராத பிள்ளையின் தாய் ஒன்றும் சொல்லாமல் எழுந்து செல்வாள். யாரையும் குறை கூற அவளுக்கு வழியில்லை. குலுக்கல் பாரபட்சமின்றி நடந்ததை அவளே கண்ணால் கண்டாள்.

குலுக்கல் நேர்மையாக நடந்தால் நீதி நிறைவேறிவிட்டதா? இவ்வினாவைத் திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களையும் மனத்தில் கொண்டு வரலாற்றின் வழியே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளிகளை நடத்தும் திருச்சபையின் ஊழியர்களாகிய நமக்கு இது அயலார் வினா அன்று.

1. மறைநூலில் சீட்டு

சீட்டுப் போடுதல் வேதத்தில் பலமுறை வருகிறது. அது வழக்குகளை ஒழிக்கும் என்று நீதிமொழிகள் கூறுகிறது (18:18). ஆயினும் வேதத்தில் சீட்டு எந்நிலையில் வருகிறது என்பதை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை. கானான் நாட்டைப் பங்கிடும் ஆணையில், மிகுதியான பேருள்ள கோத்திரத்துக்கு மிகுதியாகவும் குறைந்த பேருள்ளதற்குக் குறைவாகவும் நிலம் அளிக்க வேண்டும் என்ற விதியும், சீட்டின்படியே பங்கிட வேண்டும் என்ற விதியும் அடுத்தடுத்து நிற்கின்றன (எண். 26:52–56). மக்களைத் தொகை பார்த்த பின்னரே இவ்வாணை பிறக்கிறது. பங்கின் அளவைத் தேவை தீர்மானித்தது. பங்கின் இடத்தைச் சீட்டு தீர்மானித்தது என்று இதனைப் பொருள் கொள்வர்.

யோசுவாவின் நாளிலும் அவ்வாறே. பங்கு பெறாத ஏழு கோத்திரங்களுக்காக ஆட்கள் முதலில் நாடெங்கும் நடந்து, நிலத்தை அளந்து, புத்தகத்தில் எழுதிக் கொண்டு வந்தனர். அதற்குப் பின்னரே சீலோவில் சீட்டுப் போடப்பட்டது (யோசு. 18:1–10). யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தெரிந்தெடுத்தபோதும் முதலில் தகுதி ஆராயப்பட்டு இருவர் நிறுத்தப்பட்டனர்; சீட்டு அதன் பின்னர் வந்தது (அப். 1:21–26).

ஆகவே வேதத்தில் சீட்டு நீதியின் தொடக்கம் அன்று. நீதிக்குரிய பணிகள் முடிந்தபின் எஞ்சும் சிறு ஐயத்தைத் தீர்க்கும் கருவியே ஆகும்.

2. உத்திரமேரூர்க் குடம்

நம் தமிழ் மண்ணிலும் சீட்டுக்குப் பழம்பெருமை உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். இத்தனை நுட்பமான ஏற்பாட்டைக் கண்டு நாம் பெருமை கொள்கிறோம், அது தகும்.

ஆயினும் குடத்துக்குள் யாருடைய ஓலை இடப்பட்டது? அது பிராமணர் ஊராகிய சதுர்வேதிமங்கலத்தின் சபை. வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடம் இருந்தது. வயலில் உழைத்தவன் பெயர் அக்குடத்தை எட்டவில்லை. ஓலை எடுத்த சிறுவனின் கை தூய்மையானதே. குடத்தை நிரப்பிய விதியோ ஒருசாரார்க்கு உரியதாயிருந்தது.

3. பள்ளிக்கூட வாயில்

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட அமெரிக்க மிஷனெரிமார் 1834-இல் மதுரையில் பணி தொடங்கினர். அடுத்த ஆண்டே திண்டுக்கல் அவர்களுடைய பணித்தளமாயிற்று. பள்ளிகள் அவர்தம் ஊழியத்தின் முதற்கருவியாயின. பள்ளி திறந்த இடமெல்லாம் ஒரே இடர் எதிர்ப்பட்டது: ஒரே பலகையில் யார் யாருடன் அமர்வது? மதுரை மிஷன் 1847-இல், சாதி வேற்றுமையை விட்டதற்கு அடையாளமாக ஒருமித்து உண்ணும்படி தன் ஊழியரைக் கேட்டது. இசையாதோர் பலர் விலக நேர்ந்தது.

சென்னையில் இதற்கு முன்னரே ஒரு சோதனை நிகழ்ந்திருந்தது. ஸ்காட்லாந்து மிஷனெரியாகிய ஜான் ஆண்டர்சன் 1837-இல் தொடங்கிய பள்ளியில் மறு ஆண்டே பறையர் குலச் சிறுவர் சிலர் சேர்ந்தனர். அவர்களை நீக்கும்படி மற்றப் பெற்றோர் வற்புறுத்தினர். ஆண்டர்சன் மறுத்தார். மாணவர் பலர் வெளியேறினர். எனினும் பள்ளி அழியவில்லை. பிற்காலத்தில் அதுவே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. கட்டணம் செலுத்தக் கூடியவர்கள் போய்விடுவார்களே என்னும் அச்சம் இன்றுதான் பிறந்தது என்று எண்ண வேண்டா.

அரசு மெல்லவே நடந்தது. 1856-இல் தார்வார் நகரில் மகர் குலச் சிறுவன் ஒருவனுக்கு அரசுப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டது. முற்றிலும் அரசுச் செலவில் நடைபெறும் பள்ளிகள் எல்லா வகுப்பினர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று கம்பெனியின் இயக்குநர்கள் 1858-இல் அறிவித்தனர். 1882-இல் அமைந்த ஹண்டர் குழு அக்கொள்கையை உறுதி செய்தது. ஆனால் எதிர்ப்பு உள்ள இடங்களில் தாழ்த்தப்பட்டோர்க்குத் தனிப்பள்ளிகளை ஊக்குவிக்கவும் பரிந்துரைத்தது. 1893-இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கெனச் சிறப்புச் சலுகைகளை அளித்தது. சேரிப் பள்ளிகள் பெருகின. அவற்றுள் பலவற்றை நடத்தியவை மிஷன்களே. அப்பள்ளிகள் எழுத்தறிவு தந்தன. அவற்றால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் நம் சபைகளில் பல. ஆயினும் ஊருக்கு ஒரு பள்ளி, சேரிக்கு ஒரு பள்ளி என்னும் பிரிவினையும் அவற்றோடு வேரூன்றியது.

1919-இல் சென்னை அரசு பிறப்பித்த ஆணை வேறொரு கோணத்தில் சிந்தித்தது. அக்கிரகாரத்திலும் கோயிலிலும் சாவடியிலும் பள்ளி நடந்தால், சட்டம் அனுமதித்தாலும் பஞ்சமச் சிறுவன் அங்கே கால் வைக்க இயலாது. ஆகவே பள்ளி அனைவரும் அணுகக்கூடிய இடத்தில் அமைய வேண்டும் என்பதே அதன் கருத்து. பள்ளியின் வாசல் எந்தத் தெருவை நோக்கியிருக்கிறது என்பதும் நீதியைச் சேர்ந்தது என்று அன்றே உணரப்பட்டது.

4. சட்டமும் குலுக்கலும்

விடுதலைக்குப் பின், ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவரும் வேற்றுமையின்றிப் பயிலும் அருகமைப் பள்ளியை 1964–66-இல் செயற்பட்ட கோத்தாரிக் குழு பரிந்துரைத்தது. அது நிறைவேறவில்லை. கட்டணப் பள்ளிகள் பெருகின. வசதியுள்ளோர் அரசுப் பள்ளியை விட்டு நீங்கினர். 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை அருகில் வாழும் நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் பிள்ளைகளுக்கு அளிக்க வேண்டும் என்றது. விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல்.

இது சிறிய நன்மையன்று. பணம் பெற்றுக்கொண்டு இடம் தருவதும், பெற்றோரை நேர்காணல் செய்து பிள்ளையைத் தள்ளுவதும் இவ்விடங்களைப் பொறுத்தவரை தடுக்கப்பட்டன. தோல் பதனிடும் தொழிலாளியின் மகளும் பூட்டுத் தொழிலாளியின் மகனும் முன்னர் எட்டிப் பார்க்கவும் இயலாத வகுப்பறைகளில் இவ்வழியே அமர்ந்துள்ளனர்.

ஆயினும் குடத்துக்குள் யாருடைய ஓலை என்னும் வினா இங்கும் எழுகிறது. முதலாவது, தூரம். தமிழ்நாட்டு விதிகளின்படி பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்வோர்க்கே முன்னுரிமை. தனியார் பள்ளிகள் கட்டணம் செலுத்துவோர் வாழும் இடங்களையே நாடி எழுகின்றன. திண்டுக்கல் நகரின் வசதியான தெருவில் குடியிருப்பவர்க்கு அவ்வெல்லைக்குள் பல பள்ளிகள் இருக்கக்கூடும். வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைப் பக்கங்களில் ஊருக்கு அப்பால் ஒதுக்கப்பட்ட காலனியில் வாழும் கூலித் தொழிலாளிக்கு ஒன்றும் இல்லாதிருக்கக்கூடும். ஊரையும் சேரியையும் பிரித்த பழைய தூரமே இங்குக் கிலோமீட்டர்க் கணக்காக மறுபடி வருகிறது.

இரண்டாவது, பிரிவின் அகலம். ஆண்டு வருமானம் இரண்டு இலட்சத்துக்குக் குறைந்தோர் நலிவடைந்த பிரிவினர். பட்டியல் வகுப்பினரோடு பிற்பட்ட வகுப்பினரும் வாய்ப்பு மறுக்கப்பட்டோராகக் கொள்ளப்படுகின்றனர். ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகள், துப்புரவுப் பணியாளரின் பிள்ளைகள் முதலியோர்க்கு முன்னுரிமை உண்டு என்பது நன்றே. மற்றவர்களிடையே, நிலமற்ற கூலியின் பிள்ளையும் ஓரளவு வசதியுள்ள வணிகரின் பிள்ளையும் ஒரே குடத்தில் சம எடையுள்ள சீட்டாகின்றனர்.

மூன்றாவது, அறிவும் ஆவணமும். பிறப்பு, சாதி, வருமானம், இருப்பிடம் ஆகியவற்றின் சான்றுகளுடன் குறித்த நாளுக்குள் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். செங்கல் சூளைக்கும் நூற்பாலைக்கும் இடம்பெயர்ந்து செல்லும் குடும்பம் இதில் எளிதில் பின்தங்கும். 2025-இல் மத்திய, மாநில அரசுகளிடையே எழுந்த நிதிப் பூசலால் இச்சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அவ்வாண்டு ஏற்கெனவே பள்ளிகளில் சேர்ந்திருந்த பிள்ளைகளிலிருந்தே தகுதியுடையோர் தெரிவு செய்யப்பட்டனர். ஜூன் மாதத்தில் கட்டணம் செலுத்த இயலாத தந்தையின் பிள்ளை அதற்குள் எவ்வாறு வந்திருக்க முடியும்?

இவ்வனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 2008 முதல் நெரிசலுள்ள பள்ளிகளுக்குக் குலுக்கல் முறை வந்தது. ஆயினும் நகரம் முன்னரே வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், ஏழை வட்டாரத்துப் பிள்ளைகள் விரும்பப்படும் பள்ளியின் குலுக்கலை நெருங்க இயலவில்லை என்று ஆய்ந்தவர்கள் கண்டனர். சீட்டு எல்லைக்குள்ளேதான் நேர்மை காட்டும். எல்லையைக் கீறியவர் யார் என்று அது கேட்பதில்லை.

5. திருச்சபையின் விலக்கு

இதுவரை பிறர் குறைகளைக் கண்டோம். இனி நம்மை நோக்குவோம். சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறாத பள்ளிகளுக்கு 25 விழுக்காட்டு விதி பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. 2014 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வு, உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளையும் சேர்த்துக் கல்வி உரிமைச் சட்டம் முழுவதிலிருந்தும் விலக்களித்தது. 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று அத்தீர்ப்பின் மீது ஐயம் தெரிவித்து, அதனைப் பெரிய அமர்வின் ஆய்வுக்குப் பரிந்துரைத்துள்ளது.

ஆக, கிறிஸ்தவப் பள்ளியின் வாசலில் குலுக்கல் குடம் வைக்கப்படவில்லை. இவ்விலக்குக்கு ஆதரவான வாதங்களை எளிதில் தள்ள இயலாது. அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு பெரும்பான்மையின் விருப்பத்திலிருந்து சிறுபான்மையினரைக் காக்கும் அரண். ஓரிடத்தில் திறந்த கதவின் வழியே பின்னர் நிர்வாகத் தலையீடு நுழையலாம் என்னும் அச்சத்துக்கு நியாயமுண்டு. அரசு தரும் ஈட்டுத்தொகை காலந்தாழ்ந்து வருவதும் உண்மையே. மேலும் நம் கிராமத் தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் ஏழைகளுக்கே கற்பிக்கின்றன.

ஆனால் உரிமை எதற்காகத் தரப்பட்டதோ அதனை மறந்தால், அரண் மதிலாகிவிடும். சட்டம் வற்புறுத்தாத காலத்தில், மாணவரை இழந்தும் தாழ்த்தப்பட்ட சிறுவனை வெளியேற்ற மறுத்த மரபு நம்முடையது. அம்மரபின் பேரால் பெற்ற விலக்கைக் கொண்டு, கட்டணம் செலுத்துவோரின் பிள்ளைகளை மட்டும் நகரத்து ஆங்கிலவழி வகுப்புகளில் நிரப்புவோமாயின், முன்னோர் கட்டிய வாசலை நாமே அடைத்தவர்களாவோம்.

செய்யத்தக்கவை சில உண்டு. யோசுவா அனுப்பியவர்களைப் போல முதலில் நடந்து அளக்க வேண்டும்: நம் பள்ளியைச் சூழ்ந்த காலனிகள் எவை, அங்குள்ள பிள்ளைகள் எங்கே படிக்கின்றனர் என்பதைச் சபைகுரு நேரிற்சென்று அறிதல் கூடும். சட்டம் கேளாவிடினும் நம் நகரப் பள்ளிகள் தாமே ஒரு பங்கு இடத்தை ஒதுக்கலாம். அதனை ஒரு கிலோமீட்டருக்குள் அடைக்காமல் தொலைவிலுள்ள சேரிப் பிள்ளைக்கு ஊர்தி வசதியுடன் அளிக்கலாம். இடம் குறைந்தால் சீட்டுப் போடட்டும். ஆனால் தேவை மிகுந்தோர் பெயர் குடத்துக்குள் வந்தபின் போடட்டும். பிற பள்ளிகளின் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கச் சான்றுகள் பெற்றுத் தருவதும் போதக ஊழியமே. எல்லாவற்றுக்கும் மேலாக, சீட்டு வராத பிள்ளை திரும்பிச் செல்லும் கிராமப் பள்ளியை, அது நம்முடையதாயினும் அரசினுடையதாயினும், நாம் கைவிடலாகாது. எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் நன்றாகக் கற்கலாம் என்னும் நிலை வருமாயின் குலுக்கலுக்கே தேவை குறையும்.

முடிவுரை

எண்ணாகமத்தில் சீட்டின் ஆணையைக் கூறும் 26-ஆம் அதிகாரத்தை அடுத்து வருவது செலோப்பியாத்தின் குமாரத்திகளின் வழக்கு. குமாரர் இல்லாததால் அவர்கள் தகப்பனின் பெயர் பங்கீட்டில் விடுபட இருந்தது. ஐந்து பெண்கள் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில், மோசேக்கும் பிரபுக்களுக்கும் சபை அனைத்துக்கும் முன்பாக நின்று தங்கள் பங்கைக் கேட்டனர். விதி முன்னரே வகுக்கப்பட்டது என்று மோசே அவர்களை அனுப்பிவிடவில்லை; அவர்கள் வழக்கைக் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோனார். அவர்கள் கேட்டது சரியே என்று தீர்ப்பு வந்தது, விதி திருத்தப்பட்டது.

நம் பள்ளிகளின் வாசலிலும் சிலர் நிற்கின்றனர். சிலர் வாசல் வரை வரவும் வழியின்றிச் சமவெளியின் காலனிகளில் இருக்கின்றனர். அவர்களுடைய வழக்கை யார் கொண்டுபோவது என்பதே, போதகராகவும் மாணவராகவும் இதனை வாசிக்கும் நம் ஒவ்வொருவர்க்கும் முன் உள்ள வினா.