பெட்டகத்தின் சாவி யாரிடம்?

1810ஆம் ஆண்டுக்கும் 1825ஆம் ஆண்டுக்கும் இடையில் அமெரிக்கப் பெருநிலத்தில் ஸ்பெயின் மன்னனின் ஆட்சி சரிந்தது. மெக்சிக்கோ முதல் சிலி வரை புதிய குடியரசுகள் எழுந்தன. அக்குடியரசுகளின் பணப்பெட்டகத்தைத் திறக்கும் சாவி யாருடைய கையில் இருந்தது என்பதை அறிய, அங்கே வர்த்தக வங்கிகள் வளர்ந்த வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் வர்த்தக வங்கி என்று சொல்லத்தக்க நிறுவனம் அங்கு இருக்கவில்லை. திருச்சபையின் மடங்களும் அறநிதிகளும் நில ஈட்டின்மேல் கடன் கொடுத்தன; பெருவணிகர்கள் சுரங்க உடைமையாளருக்கு முற்பணம் கொடுத்தனர். உழவனுக்குக் கடன் கிடைத்த இடம் பண்ணைக் கடையே. அக்கடனே அவனைப் பண்ணையோடு பிணைத்த சங்கிலியாயிற்று.

1822இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஒரு வங்கி தோன்றியது. ஆங்கில வணிகர்கள் அதன் முக்கிய பங்குதாரராயினர். 1824இல் அம்மாகாணம் இலண்டன் பேரிங் நிறுவனத்தின் மூலம் 10 இலட்சம் பவுண் கடன் பெற்றது. கைக்கு வந்ததோ அதனினும் குறைவு. சில ஆண்டுகளிலேயே வட்டி கட்ட முடியாமற் போன அக்கடன் 1904இலேதான் முற்றாகத் தீர்ந்தது.

1860களில் ஐரோப்பிய ஆலைகள் கம்பளியையும் செம்பையும் பெருமளவில் வேண்டி நின்றன. சரக்குக் கப்பலின் பின்னால் வங்கியும் வந்தது. இலண்டன்-ரிவர் பிளேட் வங்கி 1862இலும், மெக்சிக்கோவின் முதல் வர்த்தக வங்கியான இலண்டன் வங்கியின் கிளை 1864இலும் அமைந்தன. சிலியில் 1860ஆம் ஆண்டுச் சட்டம், மூலதனத்தின் ஒன்றரை மடங்குவரை நோட்டு வெளியிடத் தனியார் வங்கிகளுக்கு உரிமை தந்தது. அவ்வங்கிகளை நடத்தியோரும் சட்டமன்றத்தில் அமர்ந்தோரும் ஒரே வர்க்கத்தவர். 1878இல் வங்கிகள் தடுமாறியபோது, நோட்டுக்கு உலோக நாணயம் கொடுக்கும் கடமையிலிருந்து அரசு அவற்றை விடுவித்தது. நோட்டின் மதிப்பு வீழ்ந்தது. செம்பைப் பவுணுக்கு விற்றவனுக்கு அதனால் நட்டமில்லை. நோட்டிலே கூலி வாங்கியவன் வயிற்றில்தான் அடி விழுந்தது.

எல்லாவற்றினும் தெளிவான பாடம் 1876இல் ஆர்ஜென்டீனாவின் றொசாரியோ நகரில் கிடைத்தது. சாந்தா பே மாகாண அரசு தானே ஒரு வங்கியை நிறுவியிருந்தது. அதற்கும் அந்நகரிலிருந்த இலண்டன் வங்கிக் கிளைக்கும் மோதல் மூண்டது. மாகாண அரசு கிளையை மூடி, பொன்னைக் கைப்பற்றி, முகாமையாளரைச் சிறையிலிட்டது. உடனே பிரித்தானியப் பீரங்கிப் படகொன்று பரானா ஆற்றில் றொசாரியோ நோக்கி வந்தது. வெளிநாட்டமைச்சர் பெர்னார்தோ தெ இரிகோயன் பணியவில்லை: கம்பனி சட்டத்தால் பிறப்பது, அதற்கு நாட்டினம் கிடையாது, பங்குதாரர் அந்நியர் என்பதனால் அந்நியக் கொடியின் பாதுகாப்பை அது கோரவியலாது என்று வாதிட்டார். ஈற்றில் சமரசம் ஏற்பட்டுக் கிளை மீண்டும் திறந்தது. வங்கியின் வழக்கறிஞராக நின்ற மனுவல் கின்டானா 1904இல் அந்நாட்டின் ஜனாதிபதியானார்! பீரங்கியால் முடியாததை உள்நாட்டுக் கூட்டாளிகள் முடித்துக் கொடுத்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1914இல் நியூயோர்க்கின் நஷனல் சிற்றி வங்கி புவெனஸ் அயர்ஸில் கிளை திறந்தது. 1923 முதல் அமெரிக்கப் பேராசிரியர் எட்வின் கெமரர் கொலம்பியா, சிலி, எக்குவடோர், பொலிவியா, பெரு ஆகிய நாடுகளுக்குச் சென்று மத்திய வங்கிகளை வகுத்துக் கொடுத்தார். அவர் முத்திரை பெற்ற நாட்டுக்கு நியூயோர்க்கில் கடன் எளிதாகக் கிடைத்தது.

இதற்கு மறுமொழியாகக் கொஸ்டாரிக்கா 1948இலும் கியூபா 1960இலும் வங்கிகளை அரசுடைமையாக்கின. மெக்சிக்கோவும் 1982இல் அவ்வாறே செய்தது. ஆயினும் அங்கே கடன் நெருக்கடியின் சுமையே மக்களுக்கு மிஞ்சியது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் வங்கிகள் தனியாருக்கு விற்கப்பட்டன. 1995 நெருக்கடியில் அவற்றின் வாராக் கடன்கள் மறுபடியும் பொதுமக்கள் தலையில் ஏறின. 1864இல் வந்த இலண்டன் வங்கியின் வழித்தோன்றலான செர்பின் வங்கியை 2000ஆம் ஆண்டில் வாங்கியது ஸ்பெயினின் சந்தாந்தேர் வங்கி!

ஆகவே, பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது தனியாரா அரசா என்பதோடு நமது ஆராய்ச்சி நின்றுவிடக் கூடாது. ஊரார் சேமிப்பு எங்கே போகிறது, யாருக்குக் கடனாகிறது, நட்டம் வந்தால் யார் சுமக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். சிறு உழவனின் பெயர் கடனேட்டில் ஏறும்வரை, அவனுடைய விடுதலைப் போர் முற்றுப்பெற்றதாகாது.