ஆளொழிந்த தீப்பெட்டி ஆபீஸ்



சரித்திரம் கற்க வேண்டுமானால் மதுரைக்கும் தஞ்சைக்கும் போக வேண்டும் என்று எண்ணுவோர் பலர். இன்று நான் உங்களை அழைத்துச் செல்லப்போகும் இடத்தில் கோபுரமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. சிவகாசிப் பக்கத்துக் கரிசல் காட்டில், சீமைக் கருவேல முட்களுக்கு நடுவே, பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை அது. எங்கள் பக்கத்து மக்கள் அதைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பார்கள். உரிமையாளரின் அனுமதி பெற்று, அவருடைய ஆள் ஒருவர் துணையுடன், ஒரு முற்பகல் முழுவதும் அதனுள்ளே நடந்து பார்த்தேன்.

நீண்ட தாழ்ந்த கொட்டகை. ஓடுகள் பாதி சரிந்துவிட்டன. ஒரு மூலையில் மரச்சட்டங்கள் குவிந்து கிடக்கின்றன. இவற்றுக்குக் ‘கட்டை’ என்று பெயர். தீக்குச்சிகளை ஒன்றையொன்று தொடாதபடி இதில் வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். தொட்டால், மருந்தில் முக்கும்போது தலைகள் ஒட்டிக்கொள்ளும். அடுக்கி இறுக்கிய கட்டையை முதலில் மெழுகிலும், பின்பு மருந்திலும் முக்குவார்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையோடு சேர்ந்திருக்கும். பெட்டியின் பக்கத்திலோ சிவப்புப் பாஸ்பரஸ் பூசியிருக்கும். இரண்டும் உராய்ந்தால்தான் தீ எளிதில் பிறக்கும். அபாயம் கருதியே மருந்து அறையைக் கொட்டகைக்குத் தொலைவில் தனியே கட்டியிருக்கிறார்கள். அந்த அறைக்குள் நான் போகவில்லை. நீங்களும் இத்தகைய இடங்களில் தனியே நுழையலாகாது.

இந்தக் கொட்டகை எப்படி எழுந்தது? சிவகாசி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்த்துவிடும். அக்காலத்தில் நம் நாட்டு அடுப்புகளுக்குச் சுவீடனும் ஜப்பானும் தீ கொடுத்து வந்தன. 1922இல் அரசாங்கம் அயல்நாட்டுத் தீப்பெட்டிகளின்மீது இறக்குமதித் தீர்வையை உயர்த்தியது. அதே ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்றார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று, 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். மழை குறைந்த வறண்ட காற்று குச்சியையும் மருந்தையும் உலர்த்த உதவியது. பயிருக்குச் சாபமாக இருந்த வானமே தொழிலுக்கு வரமாயிற்று! தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் செழித்தது. மருந்தைக் கையாளப் பழகிய ஊரில் பட்டாசுத் தொழிலும் வேரூன்றியது.

ஏறத்தாழ அதே காலத்தில், சுவீடன் நாட்டுப் பெருமுதலாளிகள் ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’யை நிறுவி, இயந்திரங்களைக் கொண்டு நம் நாட்டிலேயே தீப்பெட்டி செய்யலாயினர். அந்த யானைக்கு முன்னால் இந்தக் கொட்டகைகள் எவ்வாறு நிலைத்து நின்றன? உழைப்பும் சிக்கனமும் காரணம் என்பர், அது மெய்யே. சிறு தொழிலுக்குக் கிடைத்த வரிச்சலுகையும் ஒரு காரணம். ஆனால் முழு மெய்யைச் சொல்ல வேண்டுமானால், இயந்திரத்தைவிடக் குறைந்த செலவில் கைகள் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றுள் பெண்களின் கைகள் மிகுதி. சிறுவர் சிறுமியரின் கைகளும் பல.

கொட்டகைச் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், கரிக்கோடுகள் கண்டேன். நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு; இப்படி ஐந்தைந்தாக எண்ணியிருக்கிறார்கள். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசிய வேலை. அடுக்கிய கட்டைகளின் கணக்கு அது. எண்ணியது பெரியவர் கையா, சிறுவர் கையா என்று சுவர் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒரு சிறுமியின் நினைவு வந்தது.

1980களில் நான் இளம் ஆசிரியன். விடியுமுன் ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். என் வகுப்பில் ஐந்தாம் வாய்பாட்டைத் தடையின்றிச் சொல்லும் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு வாரம் வரவில்லை. பின்பு ஒரு மாதம் வரவில்லை. விதிப்படி, ‘நீண்ட நாள் வராமை’ என்று வருகைப் பதிவேட்டில் எழ்துகோலால் ஒரு கோடிட்டு அவள் பெயரை நீக்கினேன். அவள் வீடு பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி. நான் போய்க் கேட்கவில்லை. அவள் எங்கே போனாள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கும் தெரியும். சுவரில் கண்ட கோடுகளுக்கும் பதிவேட்டில் நான் இட்ட கோட்டுக்கும் உள்ள உறவை அந்த முற்பகலில்தான் உணர்ந்தேன்.

பின்னர்க் காலம் மாறியது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பதினான்கு வயது நிரம்பாதவரை வேலைக்கு வைக்கலாகாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்துமாறு அது முதலாளிகளுக்கு ஆணையிட்டது. பள்ளிகளும், மதிய உணவும், பெற்றோரின் மனமாற்றமும் துணைசெய்தன. இயந்திரங்களும் பெருகின, கையால் செய்த ஆபீஸ்கள் பல ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதனால் பிழைப்பிழந்த பெண்களின் துன்பமும் சிறிதன்று.

இலண்டன் மாநகரின் கிழக்கே, போ என்னுமிடத்தில் ஒரு பெரிய தீப்பெட்டி ஆலை இருந்தது. வெள்ளைப் பாஸ்பரஸின் நஞ்சு அங்கு உழைத்தவர்களின் தாடை எலும்பை அரித்தது. 1888இல் அந்த ஆலையின் பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அவர்களுடைய நிலையை எழுதி உலகறியச் செய்தவர், பின்னாளில் நம் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையாரே. அந்த ஆலை மூடப்பட்டுக் குடியிருப்பாகிவிட்டது. ஆயினும் அப்பெண்களின் போராட்டத்தை நினைவூட்டும் பலகை 2022இல் அங்கே பதிக்கப்பட்டது. சுவீடனில் யோன்சோப்பிங் நகரத்தின் பழைய தீப்பெட்டி ஆலை இன்று அருங்காட்சியகம்.

நம் கொட்டகைகளோ ஓடும் உத்தரமும் விலைபோக, இடிந்து மனைகளாகின்றன. வண்ண லேபிள்களைச் சேர்த்து வைப்போர் இருக்கின்றனர். முதலாளிமார் பெயர்களும் நிலைத்திருக்கும். கட்டை அடுக்கிய கைகளின் பெயர்களை யார் எழுதி வைப்பார்கள்? உங்கள் வீட்டுப் பாட்டியோ அத்தையோ ஆபீசுக்குப் போனவராக இருக்கலாம். எத்தனை மணிக்கு பஸ் வந்தது, ஒரு நாளில் எத்தனை கட்டை, என்ன கூலி, எந்த வகுப்போடு படிப்பு நின்றது என்று கேட்டு, அவர் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதியும் ஊரும் குறியுங்கள். அதுவும் சரித்திரமே.

நான் பதிவேட்டில் அடித்த பெயரை என்னால் மீண்டும் எழுத இயலாது. உங்களால் பல பெயர்களை எழுத இயலும்.