பாய் விரித்த கோயிலும் பவுலின் நிருபமும்

தரங்கம்பாடியில் 1714-இல் அச்சேறிய தமிழ்ப் புத்தகத்தில் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும்தான் இருந்தன. புதிய ஏற்பாட்டின் மிச்சப் பகுதி அடுத்த வருஷம் வந்தது. அந்த முதல் புத்தகம் ஒன்று, தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற சேர்வைக்காரர் கைக்கு இரவலாகப் போய்ச் சேர்ந்தது. இரவல் புத்தகம் என்றைக்காவது திரும்பப் போய்விடும் அல்லவா? உட்கார்ந்து ஓலையில் பெயர்த்து எழுதத் தொடங்கிவிட்டார் மனிதர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், அந்த வாசிப்பின் வழியாகத் தரங்கம்பாடிச் சபைக்கு வந்தார். படையை விட்டு உபதேசியார் ஆனார். தஞ்சைச் சீமையில் ஊர் ஊராகப் போய்ச் சபைகளைக் கட்டினார்.

1733-இல் ஆரோன் முதல் தமிழ் குருவாக அபிஷேகம் பெற்றார். அவர் வெள்ளாளர். இரண்டாவது குருவைத் தேடியபோது ராஜநாயக்கன் பெயர் அடிபட்டது. உழைப்பிலும் வேத அறிவிலும் அவரிடம் குறை சொல்ல யாரும் இல்லை. ஆனால் அவர் பறையர் குலம். அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று மிஷனரிமார் தயங்கினார்கள். 1741-இல் தியோகு என்பவர் குருவானார். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

அவர் கையில் இருந்த அதே புத்தகத்தில் நடபடிகள் பத்தாம் அதிகாரம் இருக்கிறது. யோப்பா பட்டணத்து மாடியில் பசியோடு ஜெபம் பண்ணிய பேதுரு, தீட்டு என்று தான் ஒதுக்கியதை ஒதுக்கக்கூடாது என்று தரிசனம் கண்டு, புறஜாதிக்காரனான கொர்நேலியுவின் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகிறார். அடுத்த அதிகாரத்தில் எருசலேம் சபையார் அவரை மடக்கிக் கேட்பதும் அதையேதான்: அவர்கள் வீட்டுக்குள் போனாயே, அவர்களோடு சாப்பிட்டாயே? இதை அச்சடித்துக் கொடுத்தவர்களே இதை எழுதியெடுத்த மனிதருக்குப் பீடத்தைக் கொடுக்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்து வேதபாடத்தை நடத்துகிறேன். என் தாத்தா உபதேசியார். யாராவது ஒரு வசனத்தை எடுத்துவிட்டால், ‘அதுக்கு மேல என்ன எழுதியிருக்கு, ஏறிப் பாரு’ என்பார். ராஜநாயக்கனுக்குப் பின் நூறு வருஷம் தமிழ்ச் சபையைக் கிழித்த சண்டையை அந்தப் பேச்சை வைத்துக்கொண்டுதான் நான் படிக்கிறேன்.

தரங்கம்பாடிப் புது எருசலேம் கோயில் 1718-இல் பிரதிஷ்டையானது. ஒரே கூரைக்குக் கீழே வெள்ளாளர் முதலானோர் ஒரு பக்கம், பறையர் இன்னொரு பக்கம் என்று இருக்கை பிரிந்தது. ஒரு தரப்புக்குப் பாய், மறு தரப்புக்கு வெறுந்தரை. தஞ்சாவூரில் மிஷனரியாக இருந்த சுவார்ச் ஐயர் காலத்திலும் இரு சாதியாரும் தனித்தனியாகவே உட்கார்ந்தார்கள். ராஜாவே மதித்த மனிதர் அவர். பொறுமையாய்ப் போதித்தால் வித்தியாசம் தானாய்க் கரையும் என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. 1798-இல் அவர் காலமானபோதும் அது கரையவில்லை.

பின்னால் வந்த இளம் மிஷனரிமாருக்கு அந்தப் பொறுமை இல்லை. பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் தம் பள்ளியிலும் சபையிலும் சாதிப் பிரிவினைக்கு இடம் கொடுக்கவில்லை. வேப்பேரியிலும் தஞ்சையிலும் இருக்கைகளைக் கலக்க முயன்றார்கள். அத்தோடு நின்றிருந்தால் கதை வேறு. கல்யாணத்திலும் சாவிலும் பூ கூடாது என்றார்கள். கோயிலில் தமிழ்க் கீர்த்தனை கூடாது என்றார்கள். மூன்று தலைமுறை மனப்பாடம் செய்த பழைய வேத மொழிபெயர்ப்பிலும் கைவைத்தார்கள். சுவார்ச்சின் மாணவரும் பெத்லகேம் குறவஞ்சி பாடியவருமான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் இந்த நான்கையும் ஒன்றாய்ச் சேர்த்து எதிர்த்து எழுதினார்.

சாஸ்திரியார் தரப்பின் வாதம் லேசானதல்ல. ஆத்துமாவில் நாம் எல்லாரும் ஒன்று, ஒரே கோயிலில் ஒரே தேவனைத் தொழுகிறோம். சாதி என்பது உலக அந்தஸ்து. ஐரோப்பாவில் பிரபுவும் வேலைக்காரனும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்களா என்று கேட்டார்கள். லூத்தரன் மரபில், வேதம் கட்டளையிடவும் இல்லை, விலக்கவும் இல்லை என்று சொல்லத்தக்க காரியங்களுக்குத் தனி இடம் உண்டு. அவற்றில் அவரவர் மனச்சாட்சிப்படி நடக்கலாம். சாதியையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். 1826 ஈஸ்டருக்குத் தஞ்சை வந்த பேராயர் ஹீபரும் இந்த விஷயத்தில் மென்மையாகவே நடந்தார். சில நாளில், ஏப்ரல் 3-ஆம் தேதி, திருச்சியில் இறந்துபோனார்.

1833 ஜூலையில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சனின் கடிதம் வந்தது. சாதி வித்தியாசத்தைத் தயக்கமின்றி, உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு. வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாய்க் கோயிலை விட்டு வெளியேறினார்கள். 1835-இல் பேராயரே தெற்கே வந்தார். திருச்சித் திருவிருந்தில் வெள்ளாளர், பறையர், ஐரோப்பியர் எல்லாரும் முறை கலந்து பீடத்துக்கு வந்து ஒரே பாத்திரத்திலிருந்து பருகினார்கள். தஞ்சையிலோ பலர் மசியவில்லை. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, சாதியை விடாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்றும், விட்டதற்கு அடையாளம் மற்றச் சாதியாரோடு கூட உட்கார்ந்து சாப்பிடுவது என்றும் தீர்மானித்தது. லூத்தரன் மரபைச் சேர்ந்த லைப்சிக் மிஷன் அதற்கு இணங்கவில்லை. அதன் தலைவர் கிரவுல் சாதியை உலக வழக்கமாகவே பார்த்தார். அங்கிலிக்கன் சபைகளில் மனம் கசந்த வெள்ளாளர் பலர் லைப்சிக் சபைக்கு மாறிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் தாத்தாவின் ‘ஏறிப் பாரு’ உதவுகிறது. கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பேதம் இல்லை என்று பவுல் சொல்வது கலாத்தியர் மூன்றாம் அதிகாரக் கடைசியில் வருகிறது. அதை மட்டும் பிய்த்து எடுத்தால், அது பரலோகத்துச் சமத்துவம், ஆத்துமாவின் ஒற்றுமை என்று யாரும் சொல்லிவிடலாம். கொஞ்சம் மேலே போனால் இரண்டாம் அதிகாரத்தில் அந்தியோகியா. புறஜாதியாரோடு பந்தியில் இருந்த அதே பேதுரு, எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் எழுந்து ஒதுங்கிக்கொள்கிறார். பர்னபாவும் அவரோடு சேர்ந்துகொள்கிறார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டிக்கிறார். பேதுரு உபதேசத்தில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. பந்தியை விட்டு எழுந்தார், அவ்வளவுதான். அதையே பவுல் சுவிசேஷத்துக்கு விரோதமான நடை என்கிறார். பேதம் இல்லை என்ற வாக்கியம் சாப்பாட்டுச் சண்டையிலிருந்து பிறந்த வாக்கியம்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலும் அப்படியே. தகுதியில்லாமல் அப்பத்தைப் புசிக்கிறவனைப் பற்றிய எச்சரிக்கை பதினோராம் அதிகாரத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் அதற்குப் பயந்து திருவிருந்துக்கு எழுந்து போகாமல் பெஞ்சிலேயே இருந்துவிடும் பெண்கள் உண்டு. ஒருத்தி மாமியாரோடு சண்டை போட்டிருப்பாள், இன்னொருத்திக்கு மனதில் ஏதோ உறுத்தல். பதினேழாம் வசனத்திலிருந்து வாசித்தால் பவுலின் கோபம் எதன்மேல் என்று தெரியும். கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறு நிறையத் தின்றார்கள், குடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழையை வெட்கப்படுத்தும் பந்திதான் அங்கே குற்றம். இந்த அதிகாரத்தை முழுசாய் வாசித்திருந்தால், பாய்க்கும் வெறுந்தரைக்கும் நடுவே பாத்திரத்தை ஏந்தி நின்ற குருமாருக்குக் கை நடுங்கியிருக்கும்.

வேதத்தை விளக்குவது முறத்தில் அரிசி புடைப்பது மாதிரி. எது விலக்கத்தக்கது, எது வைத்துக்கொள்ளத்தக்கது என்று பிரிந்து விழ வேண்டும். சாஸ்திரியார் தரப்பு பந்தியைக் கொண்டுபோய் அவரவர் விருப்பம் என்ற கூடையில் போட்டது. மிஷனரி தரப்பு பூவையும் பாட்டையும் கொண்டுபோய் விலக்கு என்ற கூடையில் போட்டது. ஒன்றாய்க் கட்டி வந்த உத்தரவில், நீதியானது எது, அந்நியனின் ருசி எது என்று ஜனங்களுக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. பாட்டைப் பிடுங்குகிறவன் பாயையும் பிடுங்குகிறான் என்றே அவர்களுக்குப் பட்டது.

கத்தோலிக்கர் பக்கமும் இதே வியாதிதான். வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிக் கூடம், நடுவில் தடுப்பு. 1910-இல் அந்தத் தடுப்பை இடித்தார்கள். வெள்ளாளர் தரப்பு வழக்காடியது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

காலம் மெல்லப் புடைத்துக் கொடுத்திருக்கிறது. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இன்று எல்லாத் தமிழ்ச் சபைகளும் பாடுகின்றன. கல்யாணக் கோயிலில் மல்லிகை மணக்கிறது. பாய் போய் எல்லாருக்கும் பெஞ்சு வந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஊர்களில் அசனப் பண்டிகை என்றால் சபை முழுக்க வரிசையாய் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடும். ஆனால் ஒரே சாதியார் நிறைந்த சபையில் சேர்ந்து சாப்பிடுவது எந்தப் பரீட்சையும் அல்ல. பரீட்சை கல்யாணத்தில் இருக்கிறது. கிறிஸ்தவ மாத இதழ்களின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள்: இரட்சிக்கப்பட்ட, ஜெப ஜீவியமுள்ள மணமகள் தேவை என்ற வரியிலேயே சாதிப் பெயரும் இருக்கும். 1829-இல் தஞ்சையில் சாஸ்திரியார் தரப்பு பேசிய அதே நியாயம்தான் இதற்கும் சொல்லப்படுகிறது: ஆத்துமாவில் ஒன்று, குடும்ப வழக்கம் வேறு. இந்த வருஷ வேதபாடத்துக்குக் கலாத்தியர் நிருபத்தை எடுத்திருக்கிறேன். மூன்றாம் அதிகாரக் கடைசி வசனங்களை எல்லாரும் மனப்பாடமாய்ச் சொல்வார்கள். நாங்கள் தொடங்கப்போவது அந்தியோகியாப் பந்தியிலிருந்து. வரும்போது அந்தக் கடைசிப் பக்கத்தையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.