இலங்கைப் பெண்களும் வலைப்பந்தாட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

கொலன்னாவைக்கு அண்மையில், பொரளையில், களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை ஊடறுத்துச் செல்லும் பரந்த புற்றரை ஒன்றுண்டு. 1879இல் ஆங்கிலேயர் தொடக்கிய கொழும்பு கொல்ப் கழகத்தின் மைதானம் அது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அவ்வாட்டம் இந்நாட்டுப் பொதுமக்களைச் சென்றடையவில்லை. தென் கொரியாவிலோ அதே ஆட்டம் பெண்களுக்குப் பெரும் புகழ் ஈட்டித் தந்தது. இலங்கைப் பெண்கள் தமதாக்கிக் கொண்டது வலைப்பந்தாட்டத்தையே. ஒரு நாட்டின் பெண்கள் குறித்த ஓர் ஆட்டத்தைத் தேர்வது அவர்தம் இயல்பாலா, சூழலாலா என்பது ஆராயத்தக்கது.

1891இல் அமெரிக்காவில் தோன்றிய கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்தின் பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரிகளில் மாற்றம் பெற்றபோது வலைப்பந்தாட்டம் உருவாயிற்று. 1901இல் அதன் விதிகள் வகுக்கப்பட்டன. பந்துடன் ஓடுதல் கூடாது, ஒருவரையொருவர் மோதுதல் கூடாது என்பன அவற்றுள் முதன்மையானவை. நீண்ட பாவாடையணிந்த பெண்ணுக்கு எது தகும் என்று அன்றைய சமூகம் கருதியதோ, அதன் சாயலை இவ்விதிகளிற் காணலாம்.

இலங்கையில் பெண் கல்வி முன்னரே வேரூன்றியிருந்தது. உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824இலேயே தோன்றிவிட்டது. இத்தகைய பெண்கள் பாடசாலைகளே பிற்காலத்தில் வலைப்பந்தாட்டத்தின் விளைநிலங்களாயின. ஏறத்தாழ நூறு அடி நீளமும் ஐம்பது அடி அகலமும் கொண்ட வெளி, இரு கம்பங்கள், ஒரு பந்து ஆகியன இருந்தால் பதினான்கு மாணவியர் ஆடலாம். பாடசாலை மதிலுக்குள், ஆசிரியையின் கண்காணிப்பில் நிகழ்ந்தமையால் பெற்றோரும் தடைசொல்ல இடமிருக்கவில்லை. 1960இல் இவ்வாட்டத்தின் சர்வதேச சம்மேளனத்தைத் தோற்றுவித்த மாநாடு இலங்கையிலேயே கூடியது. 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போன் நகரில் நிகழ்ந்த முதலாவது உலகப் போட்டியிலும் இலங்கை பங்குகொண்டது. 1989 முதல் 2022 வரையில் ஆசியக் கிண்ணத்தை ஆறு தடவை வென்றது.

எனினும் இவ்வளர்ச்சிக்கு ஓர் எல்லையுண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 2019ஆம் ஆண்டு லிவர்பூல் உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்களை இட்டு, வீராங்கனைகள் அனைவருள்ளும் முதலிடம் பெற்றார். ஆனால் பதினாறு அணிகளுள் இலங்கைக்குக் கிட்டியது பதினைந்தாம் இடமே. தனியொருவரின் ஆற்றல் ஓர் அமைப்பின் குறையை ஈடுசெய்ய இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தே கொரிய அனுபவம் கவனத்திற்குரியது. அங்கு 1978இல் பெண்கள் முதன்முறையாகத் தொழில்முறைக் கொல்ப் ஆட்டக்காரராக ஏற்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான கு ஒக்-ஹீ 1988இல் அமெரிக்கச் சுற்றுப் போட்டியொன்றில் வென்றார். 1997இல் கொரியப் பொருளாதாரம் நிலைகுலைந்தது. மறு ஆண்டிலேயே இருபது வயதான பாக் செ-ரி அமெரிக்கப் பெண்கள் பகிரங்கப் போட்டியில் வாகை சூடினார். சோர்ந்திருந்த நாட்டிற்கு அவ்வெற்றி ஊக்கமளித்தது. அதனைக் கண்டு கோலேந்திய சிறுமியருள் ஒருவரான பாக் இன்-பீ 2016இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஒருவரின் வெற்றி ஒரு தலைமுறையின் வெற்றியாகப் பெருகியதற்குக் காரணம், பாக் செ-ரிக்கு முன்னரே தொழில்முறைப் பாதையொன்று அமைந்திருந்தமையும், பெரு நிறுவனங்கள் பொருளுதவி புரிந்தமையும், மகளின் ஆட்டத்திற்காகக் குடும்பங்கள் தம் செல்வத்தை ஈடுவைக்கத் துணிந்தமையுமாகும்.

இலங்கையில் பெண்ணின் ஆட்டம் பெரும்பாலும் பாடசாலையுடன் முடிவடைகின்றது. பின்னர் வங்கிகளிலோ படைப்பிரிவுகளிலோ தொழில் பெற்றோர் சிலரே தொடர்ந்து ஆடுகின்றனர். ஏனையோருக்குக் குடும்பமும் தொழிலும் மைதானத்தின் கதவை அடைத்துவிடுகின்றன. பெண்ணுக்குப் பொருத்தமானது, பாதுகாப்பானது என்று கருதப்பட்டமையே வலைப்பந்தாட்டத்திற்கு வாயிலைத் திறந்தது. அக்கருத்தே அதற்கு மதிலுமாயிற்று. ஆகவே, ஓர் ஆட்டம் பெண்களிடையே வளர்வதை அவர்தம் இயல்பு தீர்மானிப்பதில்லை. பதினெட்டு வயதின் பின்னும் அவர்கள் ஆடுவதற்குச் சமூகம் வழிவிடுகின்றதா என்பதே தீர்மானிக்கின்றது.