தன் வரலாற்றை மறக்காத திரவம்

ஓசூரிலிருந்து பேசுறேன். இன்றைய எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம்.

டூத்பேஸ்ட் ட்யூபை அமுக்கினால் பேஸ்ட் வழுக்கிக்கொண்டு வெளியே வருது. பிரஷ் மேல் உட்கார்ந்த அடுத்த நொடி அப்படியே நிக்குது. இழைகளுக்கு நடுவில் இறங்குவதில்லை. அப்போ அது திரவமா, திடமா? முகத்துக்குப் போடும் க்ரீம், தக்காளி சாஸ், சுவருக்கு அடிக்கும் பெயின்ட், வண்டிக்குப் பட்டி பார்க்கும்போது பூசும் பட்டி, எல்லாமே இந்தக் கட்சிதான். சும்மா வைத்தால் கெட்டி. கலக்கினால், குலுக்கினால், தேய்த்தால் இளகல்.

இதற்குள் ஒளிந்திருப்பது இரண்டு தனித்தனி விஷயங்கள். பெரும்பாலான யூட்யூப் வீடியோக்களில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

முதல் வகை: வேகமாகத் தள்ளினால் இளகும், தள்ளுவதை நிறுத்தினால் அந்த நொடியே பழைய கெட்டிக்குத் திரும்பிவிடும். இரண்டாவது வகையில் நேரமும் கணக்கு. எவ்வளவு நேரம் கலக்கினீங்க, அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது என்பதைப் பொறுத்து அதன் கெட்டித்தன்மை மாறும். கலக்குவதை நிறுத்தியதும் உடனே இறுகாது. நிமிடங்களோ மணிக்கணக்கோ எடுத்துக்கொண்டு மெதுவாகப் பழைய நிலைக்கு வரும். இந்த இரண்டாவதுக்குத்தான் திக்ஸோட்ரோபி என்று பெயர்.

நம்ம சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், தண்ணீர் ஒரு ஸ்டேட்லெஸ் ஃபங்ஷன். நேற்று அதை என்ன செய்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. திக்ஸோட்ரோபிக் பொருளுக்கு உள்ளே ஒரு ஸ்டேட் இருக்கு. இன்றைக்கு அது எப்படி ஓடும் என்று தெரிய வேண்டுமென்றால் அதன் பழைய கதையைக் கேட்க வேண்டும்.

காரணம் ரொம்ப எளிமையானது. உள்ளே இருக்கும் நுண்துகள்கள் ஒன்றையொன்று லேசாகப் பிடித்துக்கொண்டு வலை மாதிரி ஒரு அமைப்பைக் கட்டுகின்றன. சீட்டுக்கட்டில் கட்டிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்க. கலக்கினால் வீடு சரியும், திரவம் ஓடும். விட்டுவிட்டால் துகள்கள் அலைந்து திரிந்து மறுபடி கட்டிக்கொள்ளும். இந்த மறுபடி கட்டிக்கொள்வதுதான் முக்கியம். கெட்டித் தயிரைக் கரண்டியால் நன்றாக அடித்தால் இளகுது, ஆனால் எத்தனை நேரம் வைத்தாலும் உறைந்தபோது இருந்த கெட்டி முழுசாகத் திரும்புவதில்லை. அதனால் தயிரைப் பாதி திக்ஸோட்ரோபி என்றுதான் சொல்ல முடியும்.

சரி, இதை முதலில் கண்டது யார்?

இடம், பெர்லின் நகரின் டாலெம் பகுதி. அங்கே கைசர் வில்ஹெல்ம் இயல்வேதியியல் நிறுவனம் இருந்தது. ஃப்ரிட்ஸ் ஹேபர் அதன் இயக்குநர். கொலாய்டுகளை, அதாவது நுண்துகள் மிதக்கும் கலவைகளை, ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் ஹெர்பர்ட் ஃப்ராயின்ட்லிஷ். அவருடைய ஆய்வகத்திலிருந்து 1923-இல் எம்மா ஷாலெக், ஆண்டோர் செக்வாரி என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரும்பு ஆக்சைடு துகள்களால் ஆன ஜெல் ஒன்றை மெல்லக் குலுக்கினாலே முழுத் திரவமாகிவிடுகிறது, சிறிது நேரம் வைத்தால் மறுபடி உறைகிறது, இதை எத்தனை தடவை செய்தாலும் ஜெல்லில் மாற்றம் தெரியவில்லை என்று எழுதினார்கள். சூடாக்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை. வெறும் குலுக்கல்தான்.

பெயர் வந்தது 1927-இல். அதுவும் வேதியியலிலிருந்து வரவில்லை. திபோர் பெட்டர்ஃபி என்ற ஹங்கேரிய உயிரியலாளர் கடல் முள்ளெலி முட்டைகளைப் பற்றி எழுதிய ஆய்வில் அந்தச் சொல் வருகிறது. உயிரணுவுக்குள் இருக்கும் பொருளும் தொட்டால் இளகி, விட்டால் இறுகுவதை அவர் பார்த்திருந்தார். கிரேக்கத்தில் ‘திக்ஸிஸ்’ என்றால் தொடுதல் அல்லது அசைத்தல், ‘ட்ரெபோ’ என்றால் மாறுதல். இரண்டையும் ஒட்டினார். ஃப்ராயின்ட்லிஷ் அந்தச் சொல்லைத் தன் துறைக்கு எடுத்துக்கொண்டார்.

அடுத்த சில வருடங்களில் அந்த ஆய்வகம் கலைந்தது. 1933 ஏப்ரலில் நாஜி அரசு, யூதர்களை அரசுப் பணியிலிருந்து வெளியேற்றும் சட்டத்தைக் கொண்டுவந்தது. தன் ஆட்களை நீக்கச் சம்மதிக்காமல் ஹேபர் ராஜினாமா செய்தார். யூத வம்சாவளியைச் சேர்ந்த ஃப்ராயின்ட்லிஷ் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்குப் போனார். ‘திக்ஸோட்ரோபி’ என்ற தலைப்பில் அவருடைய சிறு நூல் 1935-இல் வெளிவந்தது. அச்சிட்ட ஊர் பாரிஸ். 1938-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், 1941-இல் இறந்தார். அவர் ஆய்வகத்து ஜெல்லைக் குலுக்கினால் திரும்பி வந்தது. குலுக்கிவிடப்பட்ட ஆய்வகம் திரும்பி வரவில்லை.

செக்வாரி அமெரிக்காவின் அக்ரன் நகரில் வாழ்க்கையை அமைத்துக்கொண்டு, 1946-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அங்கே தயாரித்தது அட்ரிட்டர் என்ற அரைவை எந்திரம். ஒரு தொட்டிக்குள் குண்டுகளைப் போட்டு, நடுவில் தண்டு சுழன்று, பொருளை நைசாக அரைக்கும். நம்ம வெட் கிரைண்டருக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். பெயின்ட், மை மாதிரியான தொழில்களுக்கு நைசான துகள்தான் அடிப்படை. ஜெல் குலுக்கலைப் பார்த்தவர் துகள் அரைக்கும் தொழிலுக்கு வந்தது ஆச்சரியமில்லை.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

ஓசூர் தொழில் நகரமானது 1970களில் சிப்காட் வந்த பிறகு. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளியே வந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்டும் வந்தது. இப்படிப்பட்ட ஊரில் பெயின்ட் ஷாப் என்பது ஒரு தனி உலகம். ஒரு பெட்ரோல் டேங்குக்குப் பெயின்ட் அடிப்பதில் இரண்டு எதிரெதிர் ஆசைகள் இருக்கு. ஸ்ப்ரே துப்பாக்கியின் முனையில் பெயின்ட் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீராகத் தெறிக்காது. டேங்கின் வளைவில் பட்டதும் கெட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கண்ணீர் மாதிரி வழியும். ஆனால் உடனே கெட்டியானாலும் தப்பு. தெறித்த துளிகள் ஒன்று சேர்ந்து சமமாகப் பரவ நேரம் கிடைக்காது, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகிவிடும்.

அதனால் பெயின்ட் தயாரிப்பவர் விற்பது நிறத்தை மட்டும் இல்லை, ஒரு கால இடைவெளியையும் சேர்த்துத்தான். படும், பரவும், அப்புறம்தான் நிற்கும். அந்த இடைவெளியைக் கட்டுப்படுத்த பெயின்டில் சேர்ப்பவற்றில் ஒன்று பென்டோனைட் வகைக் களிமண். அதே களிமண்தான் வேறு வேஷத்தில் சென்னை மெட்ரோவுக்குக் கீழேயும் வேலை செய்தது. சுரங்க நிலையத்துக்கு ஆழமான பள்ளம் வெட்டும்போது, பக்கச் சுவர் சரியாமல் இருக்கப் பள்ளம் முழுக்கப் பென்டோனைட் கரைசலை நிரப்புவார்கள். சும்மா நிற்கும்போது ஜெல்லாகி மண்ணைத் தாங்கும். அடியிலிருந்து கான்கிரீட்டை ஊற்றினால் இளகி மேலே ஏறி வெளியே போய்விடும்.

எல்லை தாண்டி ஒரு எட்டு. 1961-இல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் தயாரிப்பு ஆரம்பித்தது. 1984-இல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி ஓசூரில் ஆலை போட்டார்கள். எச்எம்டி புகழ்பெற்றது சாவி கொடுக்கும் மெக்கானிக்கல் வாட்ச்களால், டைட்டன் நம்பியது குவார்ட்ஸை. மெக்கானிக்கல் வாட்ச்சுக்குள் பாலட் என்ற சின்னக் கவையில் பதித்த கற்கள் நொடிக்கு 5 முதல் 8 தடவை பல்சக்கரத்தில் மோதிக்கொண்டே இருக்கும். அந்தக் கற்களுக்கென்றே திக்ஸோட்ரோபிக் க்ரீஸ் உண்டு. மோதும் கணத்தில் எண்ணெயாகும், மற்ற நேரம் இடத்தைவிட்டு நகராது. சாதாரண எண்ணெய் என்றால் கொஞ்ச நாளில் பரவி ஓடிவிடும்.

கடைசியாக, கிருஷ்ணகிரி. இங்கே விளையும் கிளிமூக்கு மாம்பழத்தை, அதாவது பெங்களூராவை, நாம் நேராகச் சாப்பிடுவது குறைவு. பெரும்பகுதி கூழ் தொழிற்சாலைக்குத்தான் போகும். அங்கே பிழிந்து, வடிகட்டி, சூடாக்கிக் கிருமி நீக்கி, குளிரவைத்து, பைகளில் அடைத்து டிரம்களில் ஏற்றுமதி செய்கிறார்கள். இந்தப் பயணம் முழுக்கக் குழாய்களும் பம்புகளும்தான்.

1999-இல் மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் சுவேந்து பட்டாச்சார்யா மாம்பழக் கூழை இந்தக் கண்ணோட்டத்தில் அளந்து ஆய்வு வெளியிட்டார். கூழ் நகரத் தொடங்கவே குறைந்தபட்ச உந்துதல் ஒன்று தேவை, தொடர்ந்து கலக்கினால் நேரம் போகப்போக இளகும் என்பது அதன் மையம். பேப்பரில் சின்ன விஷயம்தான். சீசன் நடுவில் கரண்ட் போய், குழாய் நிறையக் கூழ் அசையாமல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்க. நின்ற கூழ் உள்ளே வலை கட்டிக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருந்தபோது போதுமாக இருந்த அழுத்தம், மறுபடி கிளப்பப் போதாமல் போகலாம். ஓடும் நிலையின் ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பம்ப் வாங்கியவர் அங்கேதான் மாட்டுவார். பயந்து தேவைக்கு மேல் பெரிசா வாங்கினால் கரன்ட் பில்லில் மாட்டுவார்.

வாசலில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளில் இருப்பது விவசாயியின் ஒரு வருட வருமானம். கூழ் இறுகினால் மறுபடி இளக்கலாம். லாரியில் பழுத்துக்கொண்டிருக்கும் பழத்தை மறுபடி காயாக்க முடியாது.

அதனால் எந்தப் பொருளுக்காவது கெட்டித்தன்மை இவ்வளவு என்று ஒற்றை எண் போட்டிருந்தால், கூடவே இரண்டு கேள்வி கேளுங்க. எவ்வளவு வேகத்தில் கலக்கும்போது எடுத்த எண்? அதற்கு முன்னால் அது எவ்வளவு நேரம் சும்மா இருந்தது? நூறு வருடத்துக்கு முன்னால் டாலெமில் ஒரு ஜெல்லைக் குலுக்கிப் பார்த்தவர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த கேள்விகள் இவை.

பெயின்ட் ஷாப்பிலோ கூழ் ஃபேக்டரியிலோ வேலை செய்கிறவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், நின்ற லைனை மறுபடி கிளப்ப நீங்க என்ன செய்வீங்க என்று ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.